மார்வெலா டி.சி.யா என்று வாதாடும் மகனை உயர்தரத்தில் எதில் போடுவது?

தங்கச்சி, உங்கள் வாய்ஸ் மெசேஜை இரண்டு தரம் கேட்டேன். ஓ.எல் (சாதாரணதரப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மகன், சூப்பர்ஹீரோப் படங்களில் மார்வெல் படம் திறமா டி.சி. படம் திறமா என்று இரவிரவாகக் கூட்டாளிமாரோடு வாதாடுகிறான், ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான், சித்தப்பா உயர்தரத்தில் (ஏ.எல்) கணிதப் பிரிவில் போடு என்கிறார், அவனோ வி.எஃப்.எக்ஸ், அதாவது படத்துக்குக் கணினியில் காட்சி செய்யும் வேலை, படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இதுதானே?

படம் பார்ப்பது ஒரு தகுதி இல்லை, அதை அவனிடமே சொல்லலாம். ஆனால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான் என்றீர்களே, அதை நான் லேசில் விடமாட்டேன். எதற்காக நிறுத்துகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். சண்டை நல்லா இருக்கு என்றால் அவன் நல்ல ரசிகன், அவ்வளவுதான். இந்த இடத்தில் முகம் ஒட்டவில்லை, வெளிச்சம் வேறு பக்கத்தால் வருகிறது என்று சொன்னால் கொஞ்சம் இருந்து பேச வேண்டிய பிள்ளை.

அவனோடு பேச உங்களுக்கும் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டி.சி. பக்கத்தில், வார்னர் தயாரித்த சூப்பர்மேன் படமான மேன் ஆஃப் ஸ்டீலில் (2013) நிறத்தை வேண்டுமென்றே வடித்து எடுத்திருப்பார்கள். 2022 இல் வந்த பேட்மேனில் பாதிப் படம் இருட்டும் சிவப்பும்தான். மார்வெல் படங்களில் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே சீராக விழும், அதனால் தட்டையாக, சாம்பல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். என் கணிப்பில், முடிவுகளைக் கடைசி வரை தள்ளிப்போடும் பழக்கத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு: 2019 எண்ட்கேமில் காலப் பயணத்துக்குப் போடும் அந்த வெள்ளை உடுப்பு முழுவதும் கணினியில் செய்தது, படம் பிடிக்கும்போது அதன் வடிவமே முடிவாகவில்லை. எதை மாற்றப் போகிறோம் என்று தெரியாதபோது வெளிச்சத்தில் யார் துணிந்து விளையாடுவார்கள்?

சோனியின் அனிமேஷன் ஸ்பைடர்மேன் (2018, ஒஸ்கார் வாங்கியது) வேறு வழியில் போனது. சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். அந்தப் படத்தின் காட்டுக் காட்சியில் அனுபவமுள்ள ஸ்பைடர்மேன் ஒவ்வொரு பிரேமிலும் அசைவார், புதுப் பொடியன் மைல்ஸ் இரண்டு பிரேமுக்கு ஒரு தரம்தான் அசைவான், ஆகவே அவன் தட்டுத்தடுமாறுவது நமக்குக் காரணம் தெரியாமலே விளங்குகிறது. இதை உங்கள் மகன் கவனித்தானா என்று கேளுங்கள். கவனித்திருந்தால் எனக்கு உடனே போன் எடுங்கள்!

இன்னொன்று, அவனுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. இந்தக் கணினிக் காட்சிகளில் பெரும்பகுதியை மார்வெலும் டி.சி.யும் தாங்களே செய்வதில்லை. மார்வெல் வில்லன் தானோஸின் முகத்தில் வேலை செய்த நிறுவனங்களில் ஒன்றான நியூசிலாந்தின் வெட்டாதான் மேன் ஆஃப் ஸ்டீலிலும் வேலை செய்தது. ஒரே தையல்காரரிடம் ஒருவர் ஒரு மாதம் முன்னும் இன்னொருவர் கல்யாணத்துக்கு முதல் நாளும் துணி கொடுத்தால் இரண்டு சட்டையும் ஒன்றாகவா இருக்கும்? 2017 ஜஸ்டிஸ் லீக்கில் சூப்பர்மேனின் மேலுதடு விகாரமாக இருந்ததும் அப்படித்தான். நடிகர் வேறு படத்துக்கு மீசை வளர்த்திருந்தார், மறுபடப்பிடிப்பில் அதை எடுக்க முடியவில்லை, கணினியில் அழித்தார்கள். செய்தவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. எந்த ஸ்டூடியோ திறம் என்ற சண்டையை விட்டு, இந்த பிரேம் ஏன் இப்படி வந்தது என்று அவன் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, செய்து பார்ப்பது. ஒரு பின்னேரம் கோணேஸ்வரம் போகும் வழியில் கோட்டைக்குள் மான்கள் நிற்குமே, அங்கே போனை ஆடாமல் வைத்துப் பத்து செக்கன் எடுக்கட்டும் (இராணுவ முகாம் பக்கம் திருப்ப வேண்டாம், பிறகு நான் வந்து மறுமொழி சொல்ல ஏலாது). வீட்டுக்கு வந்து பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், அது இலவசம், ஒரு வெள்ளிப் பந்து செய்து அந்தப் புல்லில் வைக்கட்டும். மானின் நிழல் விழும் பக்கமே பந்தின் நிழலும் விழ வேண்டும். மான் பந்துக்கு முன்னால் நடந்தால் அதன் உருவத்தைப் பிரேம் பிரேமாக வெட்டி எடுக்க வேண்டும். போனில் செக்கனுக்கு 30 என்றால் 300 பிரேம், கால், கொம்பு, காது எல்லாம். இதற்கு ரோட்டோ என்று பெயர், இந்தத் தொழிலில் பலருக்கு முதல் வேலையே இதுதான். மூன்றாம் நாள் அலுத்துப்போய் விட்டால் கோபிக்காதீர்கள், லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டாமலே ஒரு விடை கிடைத்திருக்கிறது.

சரி, உயர்தரம். கணிதம் நன்றாக ஓடினால் சித்தப்பா சொல்வது பிழையில்லை, புகை, தண்ணீர், கட்டடம் இடிவது எல்லாம் பௌதிகமும் புரோகிராமிங்கும்தான். ஓடாவிட்டால் வில்லங்கத்துக்குப் போட்டு மூன்று எஃப் வாங்க வைக்காதீர்கள். தொழில்நுட்பப் பிரிவில் ஐ.சி.டி.யோடு (தகவல் தொழில்நுட்பம்) போகலாம், அல்லது கலைப் பிரிவில் சித்திரமும் ஊடகக் கற்கையும் எடுக்கலாம். பிறகு மட்டக்களப்பு கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, இரத்மலானையில் தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவொடெக்கில் பல்லூடகப் பட்டம் இருக்கிறது. தனியார் டிப்ளோமா என்றால் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள், பழைய மாணவர்களின் ஷோரீலை, அதாவது செய்த வேலைகளைத் தொகுத்த வீடியோவை, காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பயமுறுத்த இல்லை, ஆனால் மறைக்கவும் மாட்டேன்: நிரந்தரம் குறைந்த தொழில் இது. லைஃப் ஆஃப் பை படத்துக்கு ஒஸ்கார் வாங்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற வி.எஃப்.எக்ஸ் நிறுவனம் அதே 2013 பெப்ரவரியில்தான் திவாலானது. 2025 இல் எம்.பி.சி. என்ற இன்னொரு பெரிய வி.எஃப்.எக்ஸ் நிறுவனத்தின் பெரும்பாலான கிளைகள் இழுத்து மூடப்பட்டன. ரோட்டோ மாதிரி வேலைகளை ஏ.ஐ. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. ஆகவே படத்தை மட்டும் நம்பாமல் விளம்பரம், கேம், கட்டட வடிவமைப்புக் காட்சி எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் அடிப்படையாகப் படிக்கட்டும், ஆங்கிலத்தையும் விடக்கூடாது.

புதுக் கணினி இப்போது வாங்க வேண்டாம். ரிசல்ட் வந்ததும் பெறுபேற்றுத் தாளையும் அந்த மான் வீடியோவையும் எடுத்துக்கொண்டு மகனோடு வாருங்கள், முடிந்தால் சித்தப்பாவையும் கூட்டி வாருங்கள்.