கம்பஸில் 'தேவையில்லாத' பாடங்கள்: உப்புவெளியில் இருந்து எழுதிய அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. மகள் உயிரியல் விஞ்ஞானம் படிக்கத்தான் தெற்கில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஆங்கிலம், சிங்களம், சுற்றாடல், சமூக நல்லிணக்கம் என்று சம்பந்தமில்லாத பாடங்களைத் தலையில் கட்டுகிறார்கள் என்பது ஒன்று. அந்த விரிவுரைகளுக்குப் போகாமல் விடுதியில் இருந்து பிரதான பாடத்தைப் படித்தால் 'கிளாஸ்' (முதலாம், இரண்டாம் வகுப்புச் சித்தி) எடுத்துவிடலாமே என்று தகப்பன் சொல்வது மற்றது.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பிள்ளை இந்த செமஸ்டரிலேயே மாட்டுப்படலாம். போகாமல் விடவேண்டாம். பெரும்பாலான பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எழுதாமல் விட்டதையோ சித்தியடையாததையோ பிறகு ரிப்பீட் எழுதினால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் அநேகமாக 'சீ'க்கு மேல் போடமாட்டார்கள். இந்தப் பொதுப் பாடங்கள் சில இடங்களில் ஜி.பி.ஏ.யில், அதாவது கிளாஸைத் தீர்மானிக்கும் சராசரிப் புள்ளியில், சேரும், சில இடங்களில் சேராது. சேராத பாடமென்றால் பிள்ளைகள் இன்னும் அசட்டையாக இருப்பார்கள். அங்கேதான் பொறி இருக்கிறது: ஜி.பி.ஏ.யில் சேராவிட்டாலும், பட்டம் கையில் கிடைக்க அதில் சித்தி கட்டாயம் என்று கைநூலில் ஒரு வரி இருக்கும். இறுதி வருடத்தில் முதலாம் வருட ஆங்கிலத்தை எழுத வந்து நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு பட்ச்சிலும் இருக்கிறார்கள்.

சேரும் பாடமென்றால் கணக்கைப் பாருங்கள். பாடத்தின் எடையைக் கிரெடிட்டில் அளப்பார்கள்; மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட். 2 கிரெடிட் பாடம் ஒன்றில் 'ஏ' எடுக்கவேண்டிய பிள்ளை 'சீ' எடுத்தால் மொத்தத்தில் 0.04 அளவு குறையும். சின்ன எண்தான். ஆனால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும். 3.27 இல் நிற்கும் பிள்ளையை அந்த ஒரு பாடம் 3.31 க்கு ஏற்றிவிடும். கிளாஸ் எடுக்கவேண்டும் என்பதற்காக இந்தப் பாடத்தை விடச் சொல்பவர், கிளாஸ் எடுக்க இருக்கும் லேசான வழி ஒன்றை அடைக்கிறார்.

இனி முதலாவது. மகள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது, அதை நீங்கள் மறுத்துப் பேசவேண்டாம். என்னிடம் வரும் பிள்ளைகள் சொல்வதும் இதேதான். இரண்டு மூன்று பீடத்துப் பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் இருத்தி, வெளியில் இருந்து வரும் விரிவுரையாளர் ஸ்லைடை வாசித்துவிட்டுப் போகிறார். பின்வரிசை முழுக்கப் போனில் இருக்கிறது. அசைன்மென்ட்டுக்கு சீனியர் தந்த பி.டி.எஃப்.பில் பெயரை மாற்றிக் கொடுத்தால் போதும். சீனியர்மார் சொல்லிக்கொடுக்கும் குப்பி வகுப்பில்கூட அந்தப் பாடத்தைத் தொடமாட்டார்கள். ஆங்கிலமோ ஆறாம் வகுப்பு 'டென்ஸ்'இல் இருந்து திரும்பத் தொடங்கும். இப்படி நடக்கும் வகுப்பைத் தவம் செய்வதுபோலச் சகித்துக்கொள் என்று நானும் சொல்லமாட்டேன்.

இந்த வகுப்புகள் இப்படி ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. 1942 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் பிரித்தானிய வழியில் வந்தது. உள்ளே போனால் உன் பாடம், வெளியே வந்தால் உன் பட்டம். பொதுப் பாடம் என்ற யோசனை அமெரிக்கப் பக்கத்தில் வளர்ந்தது. முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1919 இல், கொலம்பியா பல்கலைக்கழகம் எல்லா மாணவருக்கும் பொதுவாக ஒரு சமகால நாகரிகப் பாடத்தை வைத்தது. இன்று அமெரிக்காவில் பொதுவாக நாலு வருடப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் பெரிய பங்கு பொதுப் பாடங்களுக்குத்தான் போகிறது. அங்குள்ள பிள்ளைகளும் இதே குறையைத்தான் சொல்கிறார்கள் என்பது வேறு கதை. நமக்கு செமஸ்டர் முறை பின்னால் வந்தது. பொதுப் பாடங்களைப் பழைய வீட்டுக்குப் பத்தி இறக்கியதுபோல ஒரு பக்கமாகச் சேர்த்தார்கள். சில இடத்தில் அந்தப் பத்தி நன்றாக அமைந்தது, சில இடத்தில் மழைக்கு ஒழுகுகிறது. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் தம்பி 'அங்கெல்லாம் இப்படி மினக்கெடுத்த மாட்டார்கள்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தை நினைத்துச் சொன்னால் பெருமளவு சரி. அமெரிக்காவை நினைத்துச் சொல்லியிருந்தால் சரியில்லை.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். திருக்கடலூரைச் சேர்ந்த ஒரு பொடியன், கணிதப் பிரிவில் படித்தவன், கம்பஸில் எழுத்துத் திறன் பாடம் ஒன்று எடுத்தான். சொந்த ஊரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதச் சொன்னார்கள். 'எங்கள் ஊரில் மீனவர்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்' என்று தொடங்கியிருந்தான். விரிவுரையாளர் அந்த வரியின் கீழே சிவப்பில் கோடு போட்டு, ஓரத்தில் மூன்று கேள்வி எழுதியிருந்தார்: 'யார்? எப்போது? உனக்கு எப்படித் தெரியும்?' பொடியனுக்குக் கடும் கோபம். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவனிடம் எப்படித் தெரியும் என்று கேட்கிறாரே! லீவில் வந்தபோது கடற்கரையில் நின்று விசாரித்தான். வாடையில் கடல் அடிக்கும் மாதங்களில் எத்தனை நாள் தொழிலுக்குப் போகமுடியவில்லை, அந்த நாட்களில் வீட்டுச் செலவுக்கு யாரிடம் கைமாற்று, படகு வைத்திருப்பவருக்கும் கூலிக்குப் போறவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுத் திரும்ப எழுதினான். முதல் வரி மாறிவிட்டது: 'வாடைக்காலத்தில் படகு இல்லாதவர் வீட்டில்தான் முதலில் அடுப்பு அணைகிறது.' இரண்டு பிரதியையும் கொண்டுவந்து காட்டினான். புள்ளி என்னவோ 'பி' தான். விரிவுரையாளர் கொஞ்சம் கை இறுக்கமான மனிதர் போல.

மகள் நாளைக்கு ஆய்வுக்கூடத்தில் எடுத்த முடிவை எழுதும்போதும் அதே மூன்று கேள்விதான் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்து நம் பிள்ளைகள் மூன்று பாடத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் சேராத பொது ஆங்கிலத்தை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உயர்தரத்தோடு எழுதும் பொதுப் பரீட்சைக்கு 30 புள்ளி எடுத்தால் கம்பஸுக்குப் போகலாம் என்பதால் அதற்கும் கடைசி வாரம்தான். டியூசன் கொட்டிலில் பாஸ்ட் பேப்பர் செய்து வந்த பிள்ளையிடம், விடை குறிக்காத ஒரு கேள்வியை முதல்முதல் வைப்பது அநேகமாக இந்தப் பொதுப் பாடமாகத்தான் இருக்கும். எரிச்சலில் பாதி அதனாலும் வருகிறது.

வேலைப் பக்கம் பாருங்கள். மாதிரி நேர்முகங்களில் நான் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: 'உங்கள் ஆய்வைச் சந்தையில் மரக்கறி விற்கும் அக்காவுக்கு விளங்குகிற மாதிரி இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்.' நல்ல கிளாஸோடு வந்த பிள்ளைகள் அங்கே தடுமாறுகிறார்கள். நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சையில் தாவரவியல் கேட்கமாட்டார்கள். நாட்டின் சமூக, பொருளாதார, அரசியல் பின்னணி, நுண்ணறிவு, எழுதி விளங்கப்படுத்தும் திறன் என்றுதான் வினாத்தாள் போகும். அரச சேவைக்குள் போய்விட்டாலும் மற்ற அரச மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும், காட்டாவிட்டால் சம்பள ஏற்றத்தில் கைவைப்பார்கள். நம்முடைய திருகோணமலை மாவட்டத்தில் இது கடதாசிச் சட்டம் மட்டுமில்லை. கந்தளாயில் இருந்து ஒருவர் சிங்களத்திலும், கிண்ணியாவில் இருந்து ஒருவர் தமிழிலும் ஒரே மேசைக்கு வருவார்கள்.

அதனால் சிங்களத்தை மட்டும் நான் தனியாக எடுத்துச் சொல்வேன். மகள் இப்போது இருக்கும் இடத்தில் அது வகுப்பு முடிந்தும் நடக்கிறது: சாப்பாட்டுக் கடையில், பஸ்ஸில், அறைத்தோழியிடம். வெட்கத்தில் ஆங்கிலத்திலும் சைகையிலும் சமாளித்து நாலு வருடம் போக்கிவிட்டு, பிறகு திருகோணமலையில் காசு கட்டிச் சிங்கள வகுப்புக்குப் போகும் பட்டதாரிகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கும். ஆங்கிலமும் அப்படியே. 2 கிரெடிட் என்றால் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் கணக்கில் 100 மணித்தியால உழைப்பு. விரிவுரையில் இருப்பது ஏறத்தாழ 30. மீதி 70 பிள்ளையின் கையில். வெளியே ஆங்கில வகுப்புக்குக் காசு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த 70 மணித்தியாலம் எங்கே போகிறது என்று பாருங்கள், காசைப் பிறகு பார்க்கலாம்.

எல்லாப் பொதுப் பாடத்துக்கும் ஒரே அளவு உழைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மொழி இரண்டுக்கும் மனதோடு இருக்கட்டும். கணினி அடிப்படை அவருக்கு ஏற்கனவே கைவந்தது என்றால், மினக்கெடாமல் 'ஏ' வாங்கிக்கொண்டு போகட்டும். ஸ்லைடு வாசிக்கும் வகுப்புக்கு வரவும், ஒழுங்கான ஒரு அசைன்மென்ட்டும் போதும். தகப்பன் சொல்லும் 'பாஸ் பண்ணினால் காணும்' என்பது அந்த இடத்தில் சரி. வகுப்பு மோசமாக நடந்தால், செமஸ்டர் முடிவில் தரும் கருத்துப் படிவத்தை வெறுமையாகக் கொடுக்காமல் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தெரிவுப் பாடம் பதியும்போது ஒரு கவனம். சீனியர்மார் 'லேசானது, வரவும் பார்க்கமாட்டார்கள்' என்று கைகாட்டும் பாடத்தில்தான் கூட்டம் நிறையும். வகுப்பில் பேசவைக்கிற, எழுதவைத்துத் திருத்தித் தருகிற விரிவுரையாளர் யார் என்று விசாரித்து, அந்தப் பாடம் காலை எட்டு மணிக்கு இருந்தாலும் எடுக்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. பீடக் கைநூலில் பொதுப் பாடங்கள் வரும் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எது ஜி.பி.ஏ.யில் சேரும், எது சித்தி மட்டும் போதும், எது எந்த வருடத்துக்குள் முடிக்கவேண்டும் என்று தகப்பனும் கண்ணால் பார்க்கட்டும். விளங்காவிட்டால் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மற்றது, இரவில் போன் எடுக்கும்போது 'எத்தனை மார்க்ஸ்' என்பதோடு 'இன்றைக்குச் சிங்களத்தில் யாரோடு கதைத்தாய்' என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். முதல் கிழமை எரிந்து விழுவார். பரவாயில்லை, கேளுங்கள்.