பழைய ட்ராயிங்கை முதலில் கையோடு வாங்குங்கள்

வணக்கங்க. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரின் ட்ராயிங்கை மாற்றிய பிறகும் கணபதி பவுண்டரிக்காரர் பழைய அளவிலேயே 40 உருப்படி ஊற்றிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் தப்பு அவர்மேல் இல்லைங்க. அவரிடம் இருந்த தாளில், எத்தனையாவது மாற்றம் என்று காட்டுகிற திருத்த எண்ணே இல்லை என்கிறீர்களே.

இன்று நடப்பில் இருக்கிற ட்ராயிங், பொருள் பட்டியல் எல்லாவற்றையும் தேதி போட்டுப் பூட்டுங்கள். அதுதான் பேஸ்லைன், அதாவது இனி வரும் மாற்றங்களுக்கெல்லாம் அடிப்படை. அப்புறம் எந்த மாற்றத்துக்கும் ஒரு சீட்டு: என்ன, ஏன், எந்த வரிசை எண் பம்பிலிருந்து, ஒப்புக்கொண்டவர் யார். புதுத்தாள் கொடுக்கும்போதே பழசை வாங்கிக் கிழித்துவிடுங்கள். எங்கள் பட்டறையில் லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் எண்ணெய்க் கறையோடு ஒட்டிக்கிடந்த தாள்தான் எங்களைக் கெடுத்தது.

புது இம்பெல்லர் பழைய பம்பில் பொருந்தாதென்றால் திருத்த எண் போதாது, பார்ட் நம்பரையே மாற்றுங்கள். இல்லையென்றால் பொள்ளாச்சித் தோப்புக்கு ரிப்பேருக்குப் போகிறவர் பொருந்தாத இம்பெல்லரோடு போய்த் திண்டாடுவார்.