மூன்றாவது செட் எதற்கு?

கேள்வி: என் வீட்டுக்காரர் பல வருஷமாக ஒரே அயர்ன் செட்டை, அதாவது எண் போட்ட இரும்புத் தலை மட்டைகளை, வைத்துத்தான் கோல்ஃப் ஆடுகிறார். கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. புதுசு வாங்குங்கள் என்றால், "இது மாதிரி இனி வராது" என்கிறார். அதே மாடலில் பழைய செட் இரண்டை வாங்கி ஸ்டோர்ரூமில் அடுக்கியாயிற்று. இப்போது மூன்றாவதுக்குப் பேரம் நடக்கிறது. இது பிடிவாதமா, பைத்தியமா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: இரண்டும் இல்லை. பாதி நியாயம், பாதி கணக்குப் பிழை.

முதலில் அவருடைய நியாயம். மட்டையின் அடியில் 7 என்று பொறித்திருப்பதை நம்பிப் புதுசு வாங்கச் சொல்கிறீர்கள். எண் கூடக் கூட மட்டையின் முகச் சாய்வு, அதாவது லாஃப்ட், கூடும்; பந்து போகும் தூரம் குறையும். 1980களில் 7-அயர்னின் லாஃப்ட் சுமார் 35 பாகை. இன்று தூரம் போகும் என்று சொல்லி விற்கும் பல 7-அயர்ன்களில் அது 30க்கும் கீழே. அன்றைய 5-அயர்ன்தான் எண்ணை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. வெறும் ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. எடையை அடிப்பக்கம் இறக்கியிருப்பதால் பந்து உயரமாகவே எழும். ஆனால் கிட்டத்து அடிகளுக்கான வெட்ஜ் மட்டைகளில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 பாகைக்கு வந்துவிட்டால், மணலிலிருந்து அடிக்கும் 56 பாகை சேண்ட் வெட்ஜுக்கு முன்னால் தூரத்தில் பெரிய ஓட்டை விழும். அதை அடைக்க இன்னொரு வெட்ஜ் வேண்டும். பையில் 14 மட்டைக்கு மேல் விதி விடாது. எந்த மட்டைக்கு எவ்வளவு தூரம் என்று கையில் ஏறியிருந்த கணக்கு மொத்தமும் கலைந்துபோகும். அவர் பயப்படுவது இதற்குத்தான்; சொல்லத் தெரியாமல் "இனி வராது" என்கிறார்.

தவிர, நம் சிங்கப்பூரின் கோல்ஃப் மைதானங்களில் ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016ல் போனது, ராஃபிள்ஸ் 2018ல், மரினா பே 2024ல். மைதானமே காணாமல் போகும் ஊரில் மட்டையாவது மாறாதிருக்கட்டும் என்று ஒருவர் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நைக்கி 2016ல் கோல்ஃப் மட்டை செய்வதையே நிறுத்தியது. 2023ல் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்ற புரூக்ஸ் கெப்காவின் பையில் அப்போதும் நைக்கி 3-அயர்ன் இருந்தது. இதைச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரர் துள்ளிக் குதிப்பார். மீதியையும் சொல்லிவிடுங்கள்: அந்த ஒன்றுதான். மற்ற அயர்ன்களைக் கெப்கா வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்.

இனி பிழை. மாடல் பெயர் ஒன்று என்பதால் மட்டையும் ஒன்றாகிவிடாது. முன்னால் வைத்திருந்தவர் ஷாஃப்டை, அதாவது மட்டைத் தண்டை, மாற்றியிருக்கலாம், நீளத்தை வெட்டியிருக்கலாம், லாஃப்டை வளைத்திருக்கலாம். வெட்ஜ் முகத்துக் கோடுகள் தேய்ந்திருக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டோர்ரூமில் கிடந்தால் கைப்பிடி ரப்பர் இறுகும், ஸ்டீல் ஷாஃப்டில் துரு ஏறும். தொடாமல் வைத்த செட்டுக்கும் வயதாகும்.

அதனால் மூன்று செட்டையும் மட்டை பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிப் போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு அயர்னுக்கும் லாஃப்ட், நீளம், ஷாஃப்ட் விவரம் அளந்து ஒரு தாளில் எழுதி வாங்கட்டும். அந்தத் தாள் இருந்தால், நாளைக்குப் புதுசு வாங்க நேர்ந்தாலும் எண்ணைப் பார்த்து ஏமாற மாட்டார். ஸ்டோர்ரூமில் இருப்பவற்றில் அவர் ஆடும் செட்டுக்கு நெருங்கியது எதுவோ அது போதும். இன்னொன்றைப் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் போட்டுவிடலாம். அதே மாடலை வேறொரு வீட்டில் வேறொருவர் தேடிக்கொண்டிருப்பார். அவர் மனைவி எனக்குக் கடிதம் எழுதாதிருந்தால் சரி.