டென்னிஸ் எல்போ வலி இருப்பவர் ராக்கெட்டில் எந்த ஸ்ட்ரிங் போடலாம்?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தை வைத்தே சொல்கிறேன். 40 வயது, வாரத்தில் மூன்று நாள் காலையில் டபுள்ஸ், முழங்கையின் வெளிப்பக்கம் வலி, தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால்கூடச் சுள்ளென்கிறது. கையில் இருப்பது 100 சதுர அங்குலத் தலை உள்ள 16க்கு 19 (நீளவாட்டில் 16, குறுக்கே 19 ஸ்ட்ரிங்) ராக்கெட். அதில் கடையில் 56 பவுண்டு டென்ஷனில் (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் விசை) முழுக்க முழுக்க பாலியஸ்டர், அதாவது பாலி, போட்டுக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இதற்கு என்ன ஸ்ட்ரிங் மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த பாலியை இன்றைக்கே வெட்டி எடுங்கள். நல்ல மல்டிஃபிலமென்ட் (மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்துச் செய்த ஸ்ட்ரிங், சுருக்கமாக மல்டி) ஒன்றை, 1.25 அல்லது 1.30 மில்லிமீட்டர் தடிமனில், 52 பவுண்டில் போடுங்கள். அவசரமாகப் படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். ஏன், எப்படி, எங்கே கெட்டுப்போகும் என்று தெரிய வேண்டுமானால் மேலே படியுங்கள். ஸ்ட்ரிங் போடுவது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பந்து ஸ்ட்ரிங்கில் தங்குவது 4, 5 மில்லி விநாடிதான். அந்த நேரத்துக்குள் ஸ்ட்ரிங் எவ்வளவு உள்வாங்கிக் கொடுக்கிறதோ, அந்த அளவுக்கு அடியின் உச்சம் குறைந்து ஃபிரேமுக்கும் கைக்கும் போகும். உள்வாங்காத ஸ்ட்ரிங் என்றால் மொத்த அடியும் ஒரே குத்தாக ஏறும். விறைப்பை அளந்து பார்த்தால், மாட்டுக் குடலில் செய்யும் நேச்சுரல் கட் ஓர் அங்குல நீட்சிக்கு 100 பவுண்டை ஒட்டி நிற்கும். மல்டிகள் ஏறக்குறைய 150க்கும் 200க்கும் நடுவில், பாலி பெரும்பாலும் 200க்கு மேலே, கெவ்லார் என்ற கெட்டி இழை 500ஐயும் தாண்டும். இந்த வித்தியாசத்தை டென்ஷனைக் குறைத்து ஈடுகட்ட முடியாது. நேச்சுரல் கட்டை 60 பவுண்டில் இழுத்துப் போட்டாலும், 45 பவுண்டில் போட்ட பாலியைவிட அது கைக்கு மென்மையாகவே இருக்கும். ‘பாலியே இருக்கட்டும், நாலு பவுண்டு இறக்கிப் போடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாலி போடுகிறவர் டென்ஷனை இறக்குவது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே வலி வந்த கைக்கு அது போதாது.

‘டிவியில் பார்க்கிற எல்லாரும் பாலிதானே’ என்பது அடுத்து வரும் கேள்வி. 1997இல் பிரேசில் ஆட்டக்காரர் குஸ்டாவோ குயெர்ட்டன் லக்ஸிலான் கம்பெனியின் பாலியோடு வந்து பிரெஞ்சு ஓப்பனை வென்றதிலிருந்து பெரிய ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் போனது உண்மை. பந்து படும்போது நீளவாட்டில் உள்ள மெயின் ஸ்ட்ரிங் நழுவி விலகி, பந்து கிளம்புவதற்குள் சட்டென்று தன் இடத்துக்குத் திரும்புவதால் அதில் ஸ்பின் கூடுகிறது. பாலியின் வழவழப்புக்குத்தான் அந்த மதிப்பு. ஆனால் அவர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகப் போட்ட ஸ்ட்ரிங்கோடு இறங்குகிறார்கள். முதலில் 7 கேம், பிறகு 9 கேமுக்கு ஒருமுறை பந்து மாற்றும்போதே ராக்கெட்டையும் மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. செத்த பாலி என்றால் என்னவென்றே அவர்கள் கைக்குத் தெரியாது. உங்கள் ராக்கெட்டில் இருப்பது மூன்று மாதப் பாலி. பாலி முதல் 24 மணி நேரத்திலேயே நன்றாகத் தளர்ந்துவிடும். 15, 20 மணி நேர ஆட்டத்தில் மீள்தன்மை போய்விடும். அறுந்தால் மாற்றலாம் என்று காத்திருப்பீர்கள், அதுவோ அறாது. தளர்ந்துவிட்டதால் பந்து தாறுமாறாகப் பறக்கும், அதை அடக்க நீங்கள் பிடியை இன்னும் இறுக்குவீர்கள். அந்த இறுக்கம் நேரே முழங்கைக்குப் போகிறது.

பத்து வருடமாக முழு பாலியில் ஆடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். வேகமாகச் சுழற்றி, பந்தைச் சரியாக நடுவில் வாங்கி, வாரம் ஒரு செட் ஸ்ட்ரிங்கை அறுக்கிற ஆளுக்கு பாலி தேவைதான். அவருக்கு இந்தப் பதில் இல்லை. வாரத்தில் மூன்று நாள் டபுள்ஸ் ஆடி, வருடத்தில் ஒருமுறைகூட ஸ்ட்ரிங் அறுக்காதவர் பாலி போடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எந்த மல்டி? டெக்னிஃபைபர் என்.ஆர்.ஜி.2, எக்ஸ்-ஒன் பைஃபேஸ், வில்சன் என்.எக்ஸ்.டி., பபோலா எக்ஸெல் ஆகிய நான்கில் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஹெட் வெலாசிட்டி கொஞ்சம் விறைப்பு, விலையில் சுலபம். 1.25 சற்று மென்மை, சீக்கிரம் அறும். 1.30 கூடுதல் நாள் வரும். டபுள்ஸ் ஆட்டத்துக்கு நான் 1.30 சொல்வேன். இதுவும் செலவு என்றால் பிரின்ஸ் சிந்தெடிக் கட் போடுங்கள். நடுவில் ஒரே கெட்டி நைலான் இழை, மேலே சுற்று. மல்டி அளவுக்கு மெத்தென்று இருக்காது, ஆனால் பாலியைவிட எவ்வளவோ மேல். பாக்கெட்டில் ‘சாஃப்ட்’ என்று அச்சடித்திருக்கும் பாலிகளிடம் ஜாக்கிரதை. மற்ற பாலிகளோடு ஒப்பிட்டுத்தான் அது சாஃப்ட்.

டென்ஷன் விஷயத்தில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பாலியிலிருந்து மல்டிக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாள் பந்து பேஸ்லைனைத் தாண்டி விழும். உடனே கடைக்கு ஓடி 58, 60 என்று ஏற்றச் சொல்வார்கள். மாற்றியதன் பலனில் பாதி அங்கேயே போச்சு. ஒரு வாரம் பொறுங்கள், கை தானாகப் பழகிக்கொள்ளும். அதற்குப் பிறகும் நீளமாகப் போனால் இரண்டு பவுண்டு ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். வலி அப்படியே இருந்தால் 50, பிறகு 48 என்று இறங்குங்கள். 46க்குக் கீழே மல்டி ஸ்ட்ரிங்குகள் இடம் விட்டு இடம் ஓடி, பாயின்ட்டுக்குப் பாயின்ட் விரலால் நேராக்க வேண்டியிருக்கும். இந்த எண்களெல்லாம் உங்களுடையதைப் போன்ற ராக்கெட்டுக்கு. 18க்கு 20 என்று நெருக்கமாகப் பின்னிய ராக்கெட் வலையே கொஞ்சம் விறைப்பு என்பதால், அதற்கு ஓரிரு பவுண்டு குறைத்துத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று: ஒரு கடையின் 52 இன்னொரு கடையின் 52 ஆகாது. கையால் சுற்றும் கிராங்க் மெஷின், சொன்ன டென்ஷன் வந்ததும் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு ஸ்ட்ரிங் தளர்வதை அது ஈடு செய்யாது. எலெக்ட்ரானிக் மெஷின் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் அதே எண்ணில் வலை சற்று இறுக்கமாக வரும். எந்த மெஷின் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முடிந்தவரை ஒரே ஆளிடம் கொடுங்கள். ப்ரீ-ஸ்ட்ரெட்ச் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே இழுத்துவிட்டால் ஸ்ட்ரிங்கின் மென்மையைக் கொஞ்சம் எடுத்துவிடும்.

நேச்சுரல் கட் பற்றிக் கேட்பீர்கள். கைக்கு அதைவிட நல்லது இன்னும் வரவில்லை. டென்ஷனையும் அதுதான் நீண்ட நாள் பிடித்து வைத்திருக்கும். ஆனால் விலை மல்டியைப்போல இரண்டு மூன்று மடங்கு. மழைத்தூறலும் ஈரமும் ஆகாது. ஃபிரேம் ஓரத்தில் பந்து பட்டால் பட்டென்று அறும். மாட்டுக் குடலிலிருந்து செய்வது என்பதால் வேண்டாம் என்பவர்களும் உண்டு, அது அவரவர் விருப்பம். சென்னையின் ஈரக்காற்றில் போடுவதானால் ஆடி முடித்ததும் மூடி போட்ட உறைக்குள் வைத்தே ஆக வேண்டும். செலவைப் பாதியாக்க வழி இருக்கிறது. 12 மீட்டர் பாக்கெட்டில் பாதியை மெயினுக்கு மட்டும் போட்டு, குறுக்கே வேறு ஸ்ட்ரிங் போட்டால் ஒரு பாக்கெட் இரண்டு முறைக்கு வரும். ஃபெடரர் மெயினில் நேச்சுரல் கட்டும் குறுக்கே லக்ஸிலான் அலு பவர் ரஃப்பும் போட்டவர். அடியில் பெரும்பங்கை மெயின்தான் வாங்குகிறது, ஆகவே மென்மையானது அங்கேதான் இருக்க வேண்டும். நம் கடைகளில் ‘ஹைப்ரிட்’ என்றால் பெரும்பாலும் இதைத் தலைகீழாக, மெயினில் பாலியும் குறுக்கே மல்டியும் வைத்துப் போட்டுவிடுகிறார்கள். ஸ்ட்ரிங் நீடித்து உழைக்க அது சரி, முழங்கைக்குச் சரியில்லை. குறுக்கே பாலி வைப்பதானால் உருண்டையான பாலியாக இருக்கட்டும். முனை வைத்த பாலி, நேச்சுரல் கட்டை அரம்போல அறுத்துவிடும். உங்களுக்கு இப்போது வலி இருப்பதால், ஆறு மாதத்துக்கு ஹைப்ரிட் பேச்சே வேண்டாம். இரண்டு பக்கமும் மல்டி.

கடையில் வெறுமனே ‘கட்ஸ் மாத்திக் கொடுங்க’ என்று நீட்டிவிட்டு வராதீர்கள். ஸ்ட்ரிங் பெயர், தடிமன், டென்ஷன் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பழைய ஸ்ட்ரிங்கை வெட்டுகிறவர் நடுவிலிருந்து தொடங்கி, மெயினும் கிராஸும் (குறுக்கு ஸ்ட்ரிங்) மாற்றி மாற்றி வெளிப்பக்கமாகப் போக வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து சரசரவென்று வெட்டினால் ஃபிரேம் ஒருபக்கமாக இழுபடும். பேட்மின்டனுக்கான சிறிய ஸ்டாண்டில் உங்கள் ராக்கெட்டை மாட்ட விடாதீர்கள். வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெயினின் மேல் வெள்ளையாகத் தேய்ந்த கோடு குறுக்கே ஓடியிருந்தால், கிராஸை வேகமாக இழுத்து உரசல் சூட்டில் நைலானைக் கருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த இடத்தில்தான் முதலில் அறும். ஃபிரேம் துளையில் இருக்கும் பிளாஸ்டிக் குரோமெட் வெடித்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

கடைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஸ்ட்ரிங்கின் மேல் கம்பெனி முத்திரையை அழகாகப் பெயின்ட் அடிக்க நேரம் இருக்கிறது. ராக்கெட்டின் கழுத்துக்குள் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி என்ன ஸ்ட்ரிங், என்ன டென்ஷன், எந்தத் தேதி என்று எழுத நேரம் இல்லை. வலியோடு வருபவரிடம் ‘இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘ஏதோ கறுப்பு’ என்கிறார். கறுப்பு என்பதை வைத்து என்ன மருந்து சொல்வது? ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் நீங்களே எழுதி ஒட்டுங்கள்.

மாற்றும் கணக்கு: வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருடத்தில் குறைந்தது அத்தனை முறை. உங்களுக்கு மூன்று முறை, நம் ஊர் வெயிலுக்கு நான்கு என்றே வையுங்கள். மல்டியில் மேலே மயிரிழை பிரிந்து நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சகஜம். மெயின் பாதி தேய்ந்து மெலிந்திருந்தால் அடுத்த ஆட்டத்தில் அறும், மாற்றிவிடுங்கள். வலையைத் தட்டினால் வரும் ஒலியை வைத்து டென்ஷன் சொல்லும் மொபைல் செயலிகள் இருக்கின்றன. புதிதாகப் போட்ட மறுநாள் ஒருமுறை தட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும்போது மாற்றினால் சரியாக இருக்கும். ராக்கெட்டைக் காருக்குள் வெயிலில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் இழந்த டென்ஷன் திரும்பி வராது.

ஸ்ட்ரிங்குக்கு நடுவில் செருகும் டாம்ப்னரை நம்பாதீர்கள். ‘டிங்’ என்ற சத்தத்தைத்தான் அது அடக்கும். ஃபிரேம் அதிர்வும் அடியும் கைக்கு வருவது வரும். அதற்குப் பதில் கைப்பிடியின் மேல் சுற்றும் ஓவர்கிரிப்பை அடிக்கடி மாற்றுங்கள். வியர்வையில் வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடிப்பதே முன்கைத் தசைக்குப் பெரிய சுமை. ராக்கெட்டின் விறைப்பையும் பாருங்கள். ஃபிரேமின் விறைப்பைச் சொல்லும் ஆர்.ஏ. எண் 70ஐத் தாண்டினால் நல்ல விறைப்பு, 65க்குக் கீழே இருந்தால் கைக்கு நல்லது. இதற்காக உடனே புது ராக்கெட் வாங்கச் சொல்லவில்லை. ஸ்ட்ரிங் மாற்றிப் பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

ஸ்ட்ரிங் வலியைத் தீர்க்கும் மருந்து இல்லை, வலியைக் கிளறுவதை மட்டும் அது நிறுத்தும். நான் டாக்டரும் இல்லை. சில வாரங்களில் குறையவில்லை என்றால், அல்லது ஆடாத நாளிலும் வலித்தால், பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். ஒற்றைக் கை பேக்ஹேண்டில் முழங்கையை முன்னே விட்டுத் தாமதமாக அடிக்கும் பழக்கம் இருந்தால் கோச்சையும் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 10, 12 வயதுப் பிள்ளைகளின் ராக்கெட்டில் முழு பாலியை 55 பவுண்டில் போடச் சொல்லி அனுப்புகிறார்கள். எலும்பு இன்னும் வளர்கிற கை அது. ஸ்ட்ரிங்கை அறுக்கும் பலமும் அதற்கு வரவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை ஆடினால், சிந்தெடிக் கட் 1.30ஐ 48 பவுண்டில் போடுங்கள். கோச் மறுத்தால், இந்தக் குழந்தை மாதத்துக்கு எத்தனை ஸ்ட்ரிங் அறுக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.