ஏவுகணை விற்பனையும் முப்பது நாள் அவகாசமும்

வணக்கம் ஐயா.

இந்தியாவுக்கான ஆளில்லா விமான விற்பனை பற்றிய தங்கள் குறிப்பில், அமெரிக்க நாடாளுமன்றம் அதை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒட்டித் தேடிப் படித்தபோது, ஆயுத விற்பனையை மறுத்து அங்கே கொண்டுவரப்பட்ட எந்தத் தீர்மானமும் இதுவரை ஒரு விற்பனையைக்கூடத் தடுத்ததில்லை என்று அறிந்தேன். அப்படியானால் இந்த மேற்பார்வை வெறும் சடங்குதானே? இன்னொரு கேள்வியும் உண்டு. நட்பு நாட்டுக்கு ஏவுகணை விற்பதைப் பற்றி 535 உறுப்பினர்கள் பகிரங்கமாக விவாதிப்பது அந்த நட்புக்கே கேடு அல்லவா? பிலிப்பைன்சுக்குப் பிரமோஸ் விற்க 2022-இல் ஒப்பந்தம் போட்டபோது நம் நாடாளுமன்றத்தில் யாரும் வாக்களிக்கவில்லை. விற்பனையும் ஒழுங்காக நடந்தது. அதுவே சிறந்த வழி என்பது என் எண்ணம்.

கே., நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது சரிதான். மறுப்புத் தீர்மானம் சட்டமாகி, அதன் வழியாக ஒரு விற்பனை நின்றுபோனதாக அமெரிக்க வரலாற்றில் ஒரு நிகழ்வும் இல்லை. ஆனால் அதைக் கொண்டு ‘சடங்கு’ என்ற முடிவுக்கு வருமுன், அந்தத் தீர்மானங்கள் ஏன் தோற்கின்றன, தோற்ற பிறகு விற்பனையில் என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் செய்தித்தாள்கள் இதைப் பெரும்பாலும் குழப்பியே எழுதுகின்றன. 1976-ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட எந்த ஆயுத விற்பனையையும் அமெரிக்க அரசு தன் நாடாளுமன்றத்துக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். அறிவித்த நாளிலிருந்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். நேட்டோ நாடுகளுக்கும் ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்கொரியா, இஸ்ரேல், நியூசிலாந்து ஆகியவற்றுக்கும் 15 நாட்கள் போதும். அந்த நாட்களுக்குள் செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய இரு அவைகளும் மறுக்காவிட்டால் அரசு விற்பனை ஆவணத்தில் கையெழுத்திடலாம். அதாவது நாடாளுமன்றம் ஒப்புதல் தருவதில்லை. அதன் மௌனமே சம்மதமாகக் கொள்ளப்படுகிறது. ‘ஏவுகணை விற்பனைக்கு அமெரிக்கா ஒப்புதல்’ என்று இங்கே தலைப்பு வரும்போது, பெரும்பாலும் இந்த முப்பது நாட்களின் முதல் நாளில்தான் நாம் இருக்கிறோம்.

மூலச் சட்டத்தில் இந்த அதிகாரம் வலுவாகவே இருந்தது. இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் மறுத்தால் விற்பனை அத்தோடு முடிந்தது. அதிபரின் கையெழுத்து தேவையில்லை. அதன் பல்லைப் பிடுங்கியது ஆயுதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு வழக்கு. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜகதீஷ் ராய் சட்டா என்பவர் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்று, விசா முடிந்த பின்னும் அங்கே தங்க அனுமதி பெற்றார். அந்த அனுமதியைப் பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானத்தின் மூலம் ரத்து செய்தது. அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பாமல் நாடாளுமன்றம் இப்படி அரசின் முடிவை ரத்து செய்வது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மாணவரின் குடியேற்ற வழக்கு உலகின் மிகப் பெரிய ஆயுத வியாபாரத்தின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. ஆயுத ஏற்றுமதிச் சட்டமும் இதற்கேற்பத் திருத்தப்பட்டது. அதன்படி மறுப்புத் தீர்மானமும் அதிபரின் மேசைக்குப் போக வேண்டும். விற்க விரும்பும் அதே அதிபர் அதைத் தம் வீட்டோ அதிகாரத்தால் நிராகரிக்கலாம். நிராகரிப்பை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

திருத்தப்பட்ட சட்டத்துக்கு 1986-இலேயே சோதனை வந்தது. சவூதி அரேபியாவுக்கு 35.4 கோடி டாலர் மதிப்பில் சைட்விண்டர், ஹார்பூன், ஸ்டிங்கர் ஆகிய மூன்று வகை ஏவுகணைகளை விற்க ரீகன் அரசு அறிவித்தது. மே மாதத்தில் செனட் 73-க்கு 22 என்ற கணக்கிலும், பிரதிநிதிகள் சபை 356-க்கு 62 என்ற கணக்கிலும் அதை மறுத்தன. பழைய சட்டமாக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ரீகன் தம் வீட்டோவைப் பயன்படுத்தினார். ஜூன் 5 அன்று செனட்டில் அதை மீற 67 வாக்குகள் தேவைப்பட்டபோது கிடைத்தவை 66. ஒரே ஒரு வாக்கு! நீங்கள் படித்த கணக்கில் இது ‘நாடாளுமன்றம் தோற்றது’ என்ற வரிசையில்தான் வரும்.

ஆனால் அந்த இடைவெளியில் இன்னொன்றும் நடந்தது. செனட்டில் தமக்கு 34 பேரின் ஆதரவைத் திரட்டுவதற்காக, ரீகன் அந்தப் பட்டியலிலிருந்து 800 ஸ்டிங்கர் ஏவுகணைகளையும் நீக்கினார். தோளில் வைத்துச் சுடக்கூடிய, ஒரு ஆளே தூக்கிச் செல்லக்கூடிய அந்த ஏவுகணை தீவிரவாதிகளின் கைக்குப் போனால் பயணிகள் விமானங்களின் கதி என்ன என்பதுதான் எதிர்த்தவர்களின் முதன்மையான வாதம். விற்பனை 26.5 கோடி டாலராகக் குறைந்து நிறைவேறியது. சடங்கு என்று சொல்லப்படுகிற ஒன்று, பட்டியலில் இருந்ததிலேயே ஆபத்தானதை வெளியே எடுக்க வைத்தது. வாக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்து இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் விற்பனைப் பட்டியலை இரண்டாம் முறை பார்ப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

அதிகாரம் இப்போது வாக்கெடுப்பில் குறைவாகவும், அறிவிப்புக்கு முந்தைய பேச்சில் மிகுதியாகவும் இருக்கிறது. முறையான அறிவிப்புக்கு முன்பே, இரு அவைகளின் வெளியுறவுக் குழுக்களின் தலைவர்கள், எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர்கள் என நால்வரிடம் அரசு விற்பனை விவரத்தைக் காட்டுகிறது. அந்த நால்வரில் ஒருவர் ‘எனக்குத் தெளிவு வேண்டும்’ என்று நிறுத்தி வைத்தால், வழக்கப்படி அரசு காத்திருக்கிறது. சட்டத்தில் இதற்கு இடமே இல்லை; வெறும் வழக்கம்தான். இந்தியாவுக்கு 31 எம்கியூ-9பி ஆளில்லா விமானங்களையும் அவற்றோடு 170 ஹெல்ஃபயர் ஏவுகணைகளையும் விற்கும் திட்டம் நின்றது இந்த இடத்தில்தான். அமெரிக்க மண்ணில் சீக்கியப் பிரிவினைவாதி ஒருவரைக் கொல்ல நடந்ததாகச் சொல்லப்படும் சதியில் இந்திய அரசு ஊழியர் ஒருவருக்குப் பங்கு இருந்ததாக அந்நாட்டு அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டியிருந்த நேரம் அது. அது முழுமையாக விசாரிக்கப்படும் என்ற உறுதியைத் தம் அரசிடம் பெற்ற பிறகே செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் பென் கார்டின் வழிவிட்டார். 2024 பிப்ரவரி 1 அன்று அறிவிப்பு வந்தது. குத்தகைக்கு எடுத்த அதே வகை விமானங்கள் நம் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து 2020 முதல் பறந்துகொண்டிருந்தன என்பதால், இது நமக்கு அவ்வளவு தொலைவான விஷயமும் அல்ல.

வழக்கம் என்பதாலேயே இதை மீறவும் முடியும். சவூதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் துல்லியக் குண்டுகளை விற்பதை, ஏமனில் பொதுமக்கள் கொல்லப்படுவதைக் காரணம் காட்டி செனட்டர் பாப் மெனண்டஸ் 2018 முதல் நிறுத்தி வைத்திருந்தார். 2019 மே மாதம் வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ ஈரானைக் காரணம் சொல்லி, காத்திருக்காமல் விற்க இடம் தரும் அவசரநிலைப் பிரிவைப் பயன்படுத்தி, 810 கோடி டாலர் மதிப்புள்ள 22 விற்பனைகளை ஒரே நாளில் தள்ளிவிட்டார். மறுப்புத் தீர்மானங்கள் இரு அவைகளிலும் நிறைவேறின. டிரம்ப் வீட்டோ செய்தார். மீறும் முயற்சி செனட்டில் தோற்றது. உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் உதாரணம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அவசரநிலைப் பிரிவு ஒரு கட்சிக்கு மட்டும் உரியதும் அல்ல. 2023 டிசம்பரில் பைடன் அரசு இஸ்ரேலுக்கு டாங்கிக் குண்டுகள் விற்க அதே கதவைத் திறந்தது. அந்தக் கதவைப் பூட்டாதவரை இந்த மேற்பார்வை பாதி மேற்பார்வைதான்.

இனி நட்பு பற்றிய கேள்வி. இதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. 1975-இல் ஜோர்டானுக்கு 14 ஹாக் ஏவுகணைத் தொகுதிகளை விற்க அதிபர் ஃபோர்டின் அரசு முனைந்தபோது, அவை இடம் பெயர்க்க முடியாதபடி நிலையாக நிறுவப்பட வேண்டும் என்ற உறுதியை நாடாளுமன்றம் கேட்டு வாங்கியது. தம் மண்ணில் தம் ஏவுகணையை எங்கே வைப்பது என்று வேறொரு நாட்டு உறுப்பினர்கள் நிபந்தனை விதிப்பதை மன்னர் ஹுசைன் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். எந்தத் தலைவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இருந்தாலும் இந்த ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஈரானைப் பாருங்கள். மன்னர் ஷாவின் ஆட்சியில் அமெரிக்காவுக்கு அவரைவிட நெருங்கிய வாடிக்கையாளர் அந்த வட்டாரத்தில் இல்லை. 79 எஃப்-14 விமானங்களும், அந்நாளில் மிகத் தொலைவு பாயும் வான்வழி ஏவுகணையான ஃபீனிக்ஸும் அங்கே போய்ச் சேர்ந்தன. 1979-இல் ஆட்சி மாறியது. ஏவுகணைகள் அங்கேயே இருந்தன. விற்கும் அரசுக்கு நான்கு ஆண்டுப் பதவிக்காலம். ஏவுகணைக்கு முப்பது ஆண்டுகள்கூட ஆயுள் உண்டு. இன்றைய அதிபரின் நண்பர் யார் என்பதைத் தாண்டிச் சிந்திக்க வேண்டிய கடமை, அதனால்தான் அரசுக்கு வெளியே ஒருவரிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

பிரமோஸ் விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. ஏறத்தாழ 37.5 கோடி டாலர் ஒப்பந்தம், 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது, நல்லது. ஆனால் பிரமோஸ் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டாக நடத்தும் நிறுவனத்தின் தயாரிப்பு. மாஸ்கோவின் இசைவு இல்லாமல் அதை மூன்றாம் நாட்டுக்கு விற்பது நடக்காது. நம் மக்களவையின் இசைவு மட்டும் எந்தக் கட்டத்திலும் தேவைப்படவில்லை, முறையான முன்னறிவிப்புகூட அதற்குச் சட்டப்படி கடமையாக இல்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அமெரிக்க முறையின் வாக்கெடுப்புப் பகுதி எவ்வளவு பலவீனமானது என்று மேலே எழுதிவிட்டேன். குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட ஏவுகணை ஏற்றுமதி எதுவும் கையெழுத்தாகும் முன், நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவுக்கு, மூடிய அறையிலாவது, எழுத்துமூலம் தெரிவிக்கப்பட வேண்டும். யாருக்கு, எத்தனை, மறு விற்பனைக்கு என்ன தடை என்ற மூன்று கேள்விகளை அந்தக் குழு கேட்க உரிமை வேண்டும். பிலிப்பைன்சுக்கு விற்றதில் இந்தக் கேள்விகள் எந்தச் சிக்கலையும் உண்டாக்கியிருக்காது. ஆனால் பிரமோஸை வாங்க விரும்பும் நாடுகளின் வரிசை நீண்டுகொண்டே போகிறது, அவை எல்லாமே பிலிப்பைன்ஸ் அல்ல.

அன்புடன்