மொய் நோட்டும் ஒரு பாடப்புத்தகம்தான்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம் எனக்கு. அரசு கலைக்கல்லூரியில் பி.ஏ. சமூகவியல் இரண்டாம் வருஷம். பி.காம். கேட்டேன், கவுன்சிலிங்கில் இதுதான் கிடைத்தது. சமூகவியலின் முன்னோடிகள் துர்கைம், வெபர் என்று நோட்ஸ் கொடுக்கிறார்கள், மனப்பாடம் செய்து எழுதினால் மார்க்கும் வருகிறது. ஆனால் அதற்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. "இதைப் படிச்சு என்னடா ஆகப்போறே" என்கிறார் மாமா. இந்தப் படிப்பை உருப்படியாகப் படிப்பது எப்படி? (பெயர் வேண்டாம் சார்.)

அன்புள்ள தம்பி,

மாமாவை முதலில் முடித்துவிடுவோம். ஏதாவது ஒரு டிகிரி போதும் என்கிற பேங்க் தேர்வுக்கும் யுபிஎஸ்சிக்கும் உங்கள் டிகிரி செல்லும். யுபிஎஸ்சி மெயின்ஸில் சமூகவியல் ஒரு விருப்பப்பாடமாகவும் இருக்கிறது. இதைப் படித்தால் உடனே வேலை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், பி.காமுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. மாமாவுக்கு இவ்வளவு போதும்.

நீங்கள் மனப்பாடம் செய்கிற துர்கைமும் ஒரு தாய்மாமன்தான், தெரியுமா? அவருடைய அக்கா மகன் மார்செல் மௌஸ். "ஒழுங்காக உட்கார்ந்து வேலையைப் பார்" என்று மருமகனுக்குக் கடிதத்திலேயே திட்டு விழும். அந்த மருமகன் 1925-இல் அன்பளிப்பு பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் தீவுகள், வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை என்று பல இடத்துச் சடங்குகளை வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி எளிமையானது: சும்மா கொடுப்பதாகச் சொல்லும் பொருளை ஏன் திருப்பிச் செய்தே ஆகவேண்டியிருக்கிறது? கொடுக்கவேண்டும், மறுக்காமல் வாங்கவேண்டும், திருப்பிச் செய்யவேண்டும், மூன்றுமே கடமை என்றார். நான் இதைக் கல்லூரியில் ஐந்து மார்க் கேள்வியாகப் படித்து, எழுதி, மறந்தும் போனேன். பல வருஷம் கழித்து அப்பா இறந்தபிறகு பீரோவைச் சுத்தம் செய்யும்போது என் அக்கா கல்யாணத்து மொய் நோட்டு கிடைத்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் அப்பா பென்சிலில் சின்னதாக டிக் போட்டிருந்தார், அதாவது திருப்பிச் செய்தாயிற்று. டிக் இல்லாத பெயர்களைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது பாருங்கள், மௌஸ் சொன்னது அந்தக் கலக்கத்தைத்தான். ஐந்து மார்க் வாங்கிய அன்று எனக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு மொய் நோட்டு இருக்கும். எடுத்து உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், ஒரே தெருக்காரர்கள் எவ்வளவு, தாய்வழி உறவு எவ்வளவு வைத்தது, பெண்கள் பெயரில் எத்தனை வரவு, எண்ணிப் பாருங்கள். (பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் இதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள், அங்கே இது கிட்டத்தட்ட வட்டியில்லாக் கடன்.) அப்புறம் முக்கியமான கேள்வி: அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில், வேலை செய்தவர்களில், யார் பெயர் நோட்டில் இல்லை?

மாணவன் செய்தால் இதை யார் மதிப்பார்கள் என்று தோன்றும். கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, சொந்த ஊர் நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் சொன்னார். அது 1918-இல் புத்தகமானது. அந்த ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு, உங்கள் மாவட்டம்தான். முப்பதுகளில் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள், அதற்குப் பின்னும் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். எல்லோரும் ஒப்பிட்டுப் பார்த்தது, லீவில் வீட்டுக்குப் போன மாணவர்கள் எழுதிய அந்தப் பக்கங்களோடுதான்.

சொந்த ஊரை ஆராய்வதில் ஒரு சிக்கலும் உண்டு, வெளியாள் போனாலும் அது விடாது. ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் அறுபதுகளின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார், ஸ்ரீபுரம் என்று அதற்குப் புனைபெயர் வைத்தார். அவர் குடியிருந்தது அக்கிரகாரத்தில். அதனாலேயே சேரிப் பக்கம் சகஜமாகப் போய்ப் பழக முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இருக்க இடம் கொடுத்த தெருவே பார்வைக்கு எல்லையும் போட்டுவிட்டது. அதை மறைக்காமல் எழுதினார் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

பாடம் பற்றி: கல்லூரி நோட்ஸைப் பரீட்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 11, 12-ஆம் வகுப்புக்கான என்சிஇஆர்டி சமூகவியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தினம் இரண்டு பக்கம் ஆங்கிலத்திலேயே படியுங்கள், மெதுவாகப் போனால் போகட்டும். புள்ளியியல் தாள் வந்தால் பயந்து ஒதுக்காதீர்கள், நாளைக்கு யாராவது உங்களுக்குச் சம்பளம் கொடுத்தால் பெரும்பாலும் அதற்காகத்தான் கொடுப்பார்கள்.

உங்கள் வீடு ஊரில் எந்தத் தெரு என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு எழுதவேண்டாம். மொய் நோட்டை எண்ணி முடித்து எழுத உட்காரும்போது, முதல் பக்கத்தில் அதை எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.