எண்டோஸ்கோபி நார்மல், ஆனால் விழுங்க முடியவில்லை: சோதிப்பது யார்?

கேள்வி: உயிரியலில் பட்டப்படிப்பு முடிக்கப் போகிறேன். மருத்துவம் படிக்கவில்லை, ஆனால் செரிமானக் கோளாறுகளைக் கண்டறியும் வேலைக்குப் போக ஆசை. கிளினிக்கல் சயின்டிஸ்ட் என்றால் ஆய்வகத்தில் ரத்தமும் மலமும் சோதிப்பதுதானா? என்ன படிக்க வேண்டும்?

பதில்: ஆய்வக வேலை வேறு. நீங்கள் கேட்பது இரைப்பை குடல் உடலியங்கியல். உணவுக்குழாய் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை எண்டோஸ்கோபி, அதாவது கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சோதனை, காட்டிவிடும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அளப்பது எங்கள் பாடு. சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது என்பார் ஒருவர். எண்டோஸ்கோபியில் ஒன்றும் இருக்காது. அப்புறம்தான் எங்களிடம் வருவார்.

மேனோமெட்ரி என்ற சோதனையைச் சொல்கிறேன். வரிசையாக அழுத்த உணரிகள் பதித்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக இரைப்பை வரை இறக்க வேண்டும். மயக்க மருந்து கிடையாது. கண்ணில் நீர் வழியும், குமட்டும். "தாடையைக் கீழே இறக்குங்க, ஒரு வாய் தண்ணீர், இப்ப விழுங்குங்க" என்று பேசிக்கொண்டே, ஒவ்வொரு விழுங்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவோம். உள்ளே போனதும், 5 மில்லி தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொல்வோம். நல்ல உணவுக்குழாய் என்றால் திரையில் அழுத்தத்தைக் காட்டும் ஒரு வண்ணப்பட்டை மேலிருந்து கீழே சரிந்து இறங்கும். அடியில் இருக்கும் சுருக்குத்தசை தளர்ந்து வழிவிடும். அக்கலேசியா நோயில் அந்தப் பட்டையே ஒழுங்காக உருவாகாது, கதவும் திறக்காது.

நெஞ்செரிச்சலுக்கு, உணவுக்குழாயில் 24 மணி நேர அமில அளவீடு. பிஎச் (எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 4-க்குக் கீழே இருக்கும் நேரம் 6 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது நாளில் சுமார் 86 நிமிடத்துக்கு மேல் போனால், எதுக்களிப்பு, அதாவது இரைப்பை அமிலம் மேலேறி வருவது, உறுதி. ஆனால் மென்பொருள் தரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. புளிப்பான பானம் குடித்துவிட்டு நோயாளி குறிக்க மறந்திருந்தால் அதையும் எதுக்களிப்பு என்றே அது கணக்கில் சேர்த்துவிடும். பிஎச் இறங்கும் ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்கிற பொறுமைக்குத்தான் சம்பளம் என்பேன். இவை தவிர, குடலில் சர்க்கரை சரியாகச் செரிக்கிறதா என்பது போன்றவற்றை அறிய, மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் சோதனையும் உண்டு.

படிப்பு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் கிளினிக்கல் சயின்டிஸ்ட் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பதவிப்பெயர். பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே அறிவியல் பட்டத்துக்குப் பின் சம்பளத்துடன் 3 ஆண்டுப் பயிற்சி உண்டு, முதுநிலைப் பட்டமும் அதிலேயே அடக்கம். எங்கே விண்ணப்பித்தாலும் உடலியங்கியலும் புள்ளியியலும் கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேலையில் ஒரு பகுதி ஆசனவாய் அழுத்தச் சோதனை: தீராத மலச்சிக்கல், மலத்தை அடக்க முடியாத நிலை. பிரசவத்துக்குப் பிறகு பல ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சிலர் முதன்முதலாக உங்களிடம்தான் சொல்வார்கள். விண்ணப்பிக்கும் முன், அனுமதி கேட்டு, இப்படியொரு பிரிவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். குழாய்ச் சோதனை நடக்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்கள்; மூச்சுச் சோதனை நாளில் போனால் காத்திருப்பதைத்தான் பார்ப்பீர்கள்.